மலை ஈரத்தில் கிராண்ட் சீகோ: எந்த மெஷின் தாங்கும்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சீகோவின் உயர்தர ஜப்பான் கைக்கடிகாரமான கிராண்ட் சீகோ வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, நாளைக்கு எத்தனை விநாடி முந்தும், எத்தனை பிந்தும் என்றுதான். கீழ்நாட்டுக்கு அந்தக் கேள்வி போதும். மலையில் இருப்பவர் வேறு இரண்டு கேட்க வேண்டும்: பின்மூடியை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை திறக்க வேண்டியிருக்கும்? அதைத் திறக்கப் போவது யார்?

ஜப்பான் மெஷின் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. எச்எம்டி 1961இல் பெங்களூரில் சிட்டிசன் கூட்டுறவோடுதான் கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. அதன் ஜனதா வாட்சைக் கழற்றிப் பழகிய கை, கிராண்ட் சீகோவின் மெக்கானிக்கல் மெஷினான 9எஸ்65இன் உள்ளே பார்த்தால் பெரும்பாலான பாகங்களை அடையாளம் கண்டுகொள்ளும். அதே பெயரில் வரும் 9ஆர்65 மெஷினைத் திறந்தால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தைத் தேடும். அது அங்கே கிடையாது.

ஒரே பெயரில் மூன்று வகை மெஷின் வருகிறது. 9எஸ் என்றால் முழு மெக்கானிக்கல். 9ஆர் என்றால் ஸ்பிரிங் டிரைவ். 9எஃப் என்றால் செல்லில் ஓடும் குவார்ட்ஸ்.

9எஸ்65 மணிக்கு 28,800 துடிப்பு, தேய்மானம் குறைக்கும் 35 கல், முழுச் சாவிக்கு 72 மணி நேரம் ஓடும். பெட்டியில் ஏற்றும் முன் மெஷினை 17 நாள், ஆறு நிலைகளில், 8, 23, 38 டிகிரி என மூன்று வெப்பநிலைகளில் சோதிக்கிறார்கள். சராசரி நாளுக்கு 3 விநாடி பிந்துவதிலிருந்து 5 விநாடி முந்துவதற்குள் நிற்க வேண்டும். அந்த 8 டிகிரி நமக்கு முக்கியம். ஜனவரி விடியலில் ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தாவில் மேசை மேல் கழற்றி வைத்த வாட்ச் அதற்கும் கீழே போகும். எண்ணெய் கெட்டிப்பட்டு பேலன்ஸின் வீச்சு குறையும், கணக்கும் மாறும். கையில் கட்டியிருக்கும் வரை உடம்புச் சூடு அதைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே 9எஸ்65 வாங்குபவர் இரவில் கழற்றினால் ஜன்னல் ஓரம் வைக்காமல் அலமாரிக்குள் வைப்பது நல்லது.

36,000 துடிப்புள்ள 9எஸ்85க்கு ரசிகர்கள் அதிகம். விநாடி முள் வழுக்கிக்கொண்டு போவது அழகுதான். ஆனால் 55 மணி நேரம்தான் ஓடும். வெள்ளி இரவு கழற்றினால் திங்கள் காலையில் நின்றிருக்கலாம். வேகம் கூடினால் எஸ்கேப் சக்கரத்தின் பல் நுனியில் எண்ணெய் நிற்பது சிரமம். அதற்காகவே அந்தச் சக்கரத்தை மெம்ஸ் என்ற நுண்தயாரிப்பு முறையில் எடை குறைத்து, நுனியில் எண்ணெய் தேங்க இடம் விட்டுச் செய்திருக்கிறார்கள். 2020இல் வந்த 9எஸ்ஏ5 அதே வேகத்தில் 80 மணி நேரம் ஓடுகிறது. மூன்றில் பொறியியல் சிறந்தது அதுதான். ஆனாலும் மலையில் சர்வீஸைத் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவருக்கு 28,800தான் பொருந்தும்.

விவாதம் சூடாவது ஸ்பிரிங் டிரைவில். “ஐசி (மின்னணுச் சில்லு) இருக்கிறது, முப்பது வருடத்தில் செத்துவிடும், பிறகு காகிதம் பறக்காமல் வைக்கத்தான் ஆகும்” என்பார்கள். பாதிப் பேர் இதைச் சீகோவின் இன்னொரு வகையான கைனெடிக்கோடு குழப்பிக்கொள்கிறார்கள். கைனெடிக்கில் சார்ஜ் ஏறும் செல் உண்டு. வயதானால் அது சக்தியைப் பிடித்து வைக்காது. ஸ்பிரிங் டிரைவில் செல்லே இல்லை. மெயின் ஸ்பிரிங் அவிழும்போது கடைசிச் சக்கரம் விநாடிக்கு 8 சுற்று சுற்றுகிறது, பக்கத்தில் உள்ள சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அதில் குவார்ட்ஸும் ஐசியும் விழித்துக்கொண்டு அந்தச் சக்கரத்தையே காந்தத்தால் பிரேக் பிடிக்கின்றன. 1977இல் யோஷிகாசு அகாஹானே தொடங்கிய யோசனை இது. விற்பனைக்கு வந்தது 1999இல். 9ஆர்65இன் கணக்கு மாதத்துக்கு 15 விநாடி, 9ஆர்ஏ5இன் கணக்கு 10 விநாடி. பேலன்ஸ் இல்லாததால் படுக்க வைத்தாலும் நிற்க வைத்தாலும் ஓட்டம் மாறாது.

இதில் உண்மையில் பயப்பட வேண்டியது அந்தச் சுருள். தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி. ஈரம் உள்ளே புகுந்து ஓரிடத்தில் பச்சை பிடித்தால் கம்பி அறும், பிரேக் போகும். அதை உள்ளூரில் ஒட்ட முடியாது. பாகமும் வெளியில் கிடைக்காது, தயாரித்தவர்களிடமே போக வேண்டும். ஐசி தானாகச் சாவதை விட இதற்கான வாய்ப்பே அதிகம்.

ஆக, எல்லாம் ஈரத்தில் வந்து நிற்கிறது. கோவையிலோ சென்னையிலோ புழுக்கமான நாளில் மூடி திறந்து, வாஷர் மாற்றி, ஒழுங்காக மூடியிருப்பார்கள். மலை ஏறியதும் கண்ணாடிக்கு உள்ளே பனி படியும். கடைக்காரரைத் திட்டும் முன் யோசிக்க வேண்டும். 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 25 டிகிரிக்கு இறங்கினாலே நீராகத் தொடங்கும்; குன்னூர் மாலையில் 14 டிகிரி என்றால் கேட்கவே வேண்டாம். வாஷர் ஒழுகவில்லை, கீழ்நாட்டுக் காற்றுதான் உள்ளே மாட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், பிப்ரவரி நண்பகல் வெயிலில் ஊட்டியிலேயே மூடிய வாட்ச் இந்த விஷயத்தில் தேவலை. அப்போது மலைக்காற்று வறண்டிருக்கும். கீழே கொடுப்பதானால் ஏசி அறையில் கொஞ்ச நேரம் திறந்து வைத்து மூடச் சொல்ல வேண்டும்.

மாட்டிக்கொண்ட காற்றா, ஒழுக்கா என்று பிரித்தறிய வழி உண்டு. வாட்சை 40 முதல் 45 டிகிரிச் சூடுள்ள தட்டில் 10 நிமிடத்துக்குக் குறையாமல் வைத்து, கண்ணாடி மேல் சாதாரணத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைக்க வேண்டும். உள்பக்கம் பனி நின்றால் உள்ளே ஈரம் உண்டு. உலர்த்தி மூடிய பிறகும் வாரம் தாண்டி அதே சோதனையில் பனி வந்தால், அதுவும் சாவிப் பக்கம், 3 மணி அருகே முதலில் தொடங்கினால், சாவிக் குழாயின் வாஷர் போயிருக்கிறது. எதுவானாலும் காத்திருக்கக் கூடாது. முதலில் துருப்பிடிப்பது சாவித் தண்டு, அதிலிருந்து துருத்தூள் சக்கரங்களுக்குள் போகும். இன்னொன்று: பின்மூடியில் ஸ்டிக்கர் பசை எடுக்க நீலகிரித் தைலம் போடுகிறார்கள். பசை போகும், ஆனால் அது ரப்பர் வாஷருக்கு ஆகாது.

இந்த அளவுகோலில் 9எஃப் கொஞ்சம் பின்னே போகிறது. மெஷினில் குறையில்லை. 1993இலிருந்து வருகிறது, வருடத்துக்கு 10 விநாடி, குவார்ட்ஸை மூன்று மாதம் பதப்படுத்தித் தேர்ந்தெடுக்கிறார்கள், நாளுக்கு 540 முறை வெப்பநிலை பார்த்துத் திருத்திக்கொள்கிறது. சாதாரணக் குவார்ட்ஸ் 10 டிகிரியில் மேசை மேல் கிடந்தால் குளிரால் மட்டும் மாதம் 20 விநாடி பிந்தும், 9எஃப் அசராது. ஆனால் ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒருமுறை செல் மாற்ற மூடி திறந்தாக வேண்டும். பஜாரில் ஐந்து நிமிடத்தில் பழைய வாஷரையே திரும்பப் போட்டு மூடினால் அத்தனை பொறியியலும் வீண். செல் தீர்ந்த வாட்சைப் பீரோவில் போட்டு மறப்பது அதைவிட மோசம். செல் கசிந்து மெஷினைத் தின்றுவிடும்.

காந்தம் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வகைக்கும் பொதுவாகச் சொல்லும் தாங்கும் எல்லை மீட்டருக்கு 4,800 ஆம்பியர். போனும் ஸ்பீக்கரும் 5 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் போதும். ஆனால் தேயிலைத் தொழிற்சாலைகளில் தூளிலிருந்து இரும்புத் துகளைப் பிடிக்க வைக்கும் காந்தங்கள் இந்தக் கணக்கில் அடங்காது. அங்கே போனால் 9எஃப் நிற்கலாம், விலகியதும் ஓடும், நேரம் மட்டும் திருத்தினால் போதும். ஸ்பிரிங் டிரைவும் அப்படித்தான், கொஞ்ச நேரம் தடுமாறும். 9எஸ்இல் பேலன்ஸை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு, காந்தம் எடுக்கும் வரை தாறுமாறாக முந்தும். இது உள்ளூரிலேயே ஒரு நிமிட வேலை. தேயிலைச் செடி வெட்டும் கவாத்து மெஷின் பிடிப்பவர்கள் எந்த வகையானாலும் கழற்றி வைக்கட்டும்.

நம் தீர்ப்பு: தினம் கட்டுபவருக்கு 9ஆர்65. பேரன் வரை போக வேண்டுமென்றால் 9எஸ்65, ஏனென்றால் அதில் கெடுவது எல்லாம் கையால் சரிசெய்யக் கூடிய இரும்பும் எண்ணெயும். மாதாமாதம் கோவை இறங்குபவருக்கு 9எஃப். எதை எடுத்தாலும் தேதியை இரவு 9 முதல் 1 மணிக்குள் திருகி மாற்றக் கூடாது. தயாரிப்பாளர் சொல்லும் மூன்று, நான்கு வருட சர்வீஸை வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பழைய 9ஆர்65 கிடைத்தால் முழுச் சாவி கொடுத்து, கையில் கட்டாமல் மேசை மேல் வைத்துப் பாருங்கள். பவர் முள் சீராக இறங்கி மூன்று நாள் தொட வேண்டும். இரண்டாம் நாளே நின்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, விலையில் ஒரு சர்வீஸ் செலவைக் குறைத்துக் கேட்கலாம். முள் பாதியில் இருக்கும்போதே தினம் சில விநாடி விலகினால் பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.