மாவட்ட மையமா, வீடு தேடி வரும் பயிற்சியா?

வளர்ச்சித் தாமதமோ பிறவிக் குறைபாடோ உள்ள குழந்தைக்கு முதல் மூன்று ஆண்டுகளுக்குள் பயிற்சி தொடங்கிவிட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அது எங்கே, யார் கையால் நடக்க வேண்டும் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. தமிழ்நாட்டில் ஒரு வழி, அரசு மருத்துவமனை வளாகத்தில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். மற்றொன்று, பணியாளரே வீட்டுக்கு வந்து குடும்பத்தைப் பழக்கும் முறை. ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் தென்காசி வட்டாரக் கிராமங்களில் இதைச் செய்துவருகிறது.

மாவட்ட மையங்கள் 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம்) என்னும் மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் பகுதி. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதித்து, ஐயம் எழுந்தால் மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று திட்டம் வகுக்கிறது. சில குறைபாடுகளுக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்னும் கால வரையறையைக் கருவிகள் இல்லாத வீட்டில் எட்ட முடியாது. பிறவியிலேயே பாதம் உட்புறம் திரும்பியிருக்கும் வளைபாதத்துக்கு வாரந்தோறும் மாற்றும் மாவுக்கட்டும் அப்படித்தான்.

ஆனால் பெருமூளை வாதமோ (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை) பொதுவான வளர்ச்சித் தாமதமோ உள்ள குழந்தைக்குத் தேவைப்படுவது, ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் தொடரும் சிறு சிறு பயிற்சி. இரண்டு பேருந்து மாறி, ஒரு நாள் கூலியை இழந்து, அரை மணி நேரப் பயிற்சிக்காக வந்துபோகும் தாய் சில மாதங்களில் நின்றுவிடுவதை அக்கறையின்மை என்று கோப்பில் எழுதுவது அநியாயம். (வீட்டில் இன்னொரு கைக்குழந்தையும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.) ஆய்க்குடி முறையில், பயிற்சி பெற்ற சமுதாய மறுவாழ்வுப் பணியாளர் வீட்டுக்கு வந்து, கஞ்சி ஊட்டும்போது குழந்தையின் தலையை எப்படித் தாங்குவது, சுவர் மூலையில் எப்படி உட்காரவைப்பது என்பவற்றை அந்த வீட்டுப் பொருள்களைக் கொண்டே காட்டிக்கொடுக்க முடிகிறது. பாட்டியும் அண்ணனும் அருகிலிருந்து பார்ப்பதால், பயிற்சி தாய் ஒருத்தியின் தலையில் மட்டும் விழுவதில்லை.

இம்முறையின் பலவீனம் மேற்பார்வை. பணியாளர் துறை வல்லுநர் அல்லர். வலிப்பின் தொடக்கத்தையோ இடுப்பு மூட்டு விலகுவதையோ அவர் தவறவிடக்கூடும். அமர் சேவா சங்கம் இந்த இடைவெளியைக் குறைக்கக் கைப்பேசிச் செயலியில் குழந்தையின் முன்னேற்றத்தைப் பதிந்து, வல்லுநர்கள் வழிகாட்டும்படி அமைத்திருக்கிறது. பின்னால் வல்லுநர் குழு இல்லாமல் வீட்டு வருகையை மட்டும் பின்பற்றும் நிறுவனத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். நகரங்களில் அமர்வுக்குக் கட்டணம் வாங்கும் தனியார் மையங்கள், வசதியுள்ளோருக்கும் மாவட்ட மையத்தின் அதே குறையோடுதான் கிடைக்கின்றன: குழந்தை வாழும் இடத்தை அவை பார்ப்பதில்லை.

ஆகவே கண்டறிதலுக்கும் செவி, கண், எலும்பு தொடர்பான சிகிச்சைக்கும் மாவட்ட மையத்தையும், அன்றாடப் பயிற்சிக்கு வீட்டு முறையையும் தேர்ந்தெடுப்பேன். வீட்டு வருகை எட்டாத ஊரில் இருப்பவர்கள், மைய வல்லுநரிடம் ஒவ்வொரு முறையும் வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்துகாட்டச் சொல்லி, அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு வருவது நல்லது.