பம்ப் நன்றாகத்தான் இருந்தது: ஒரு பிஎஸ்6 வண்டியின் அனுபவம்

2021-இல் வாங்கிய 150 சிசி வண்டி. மைலேஜ், சீட், பிரேக் எதிலும் பெரிய குறை இல்லை. நான் சொல்ல வந்தது எஃப்ஐ பம்ப், அதாவது டேங்கிலிருந்து இன்ஜெக்டருக்குப் பெட்ரோலைத் தள்ளும் மின்சாரப் பம்ப் விவகாரம் மட்டும்தான்.

சாவியைத் திருப்பி, கில் சுவிட்சை ஆன் செய்தால் டேங்குக்குள் பம்ப் இரண்டு மூன்று விநாடி 'ஙொய்' என்று ஓடி நிற்க வேண்டும். அந்தச் சத்தம் சில நாள் சன்னமாகக் கேட்டது, சில நாள் கேட்கவே இல்லை. ஓட்டும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் இழுவை இல்லாமல் திணறும். ஒர்க்‌ஷாப்பில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பம்ப் அசெம்பிளியையே மாற்றச் சொன்னார்கள். பல ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். முதலில் அளந்து பார்ப்போம் என்று வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஃப்யூஸ் சரி. பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலே 'டிக்' என்றது; பக்கத்திலிருந்த அதே வகை ரிலேயை மாற்றிப் போட்டும் பலனில்லை. பம்ப் கப்ளரை (ஒயர் இணைப்பு பிளக்கை) கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12.3 வோல்ட். எர்த் ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க மீட்டரின் பஸ்ஸரை வைத்தேன், இணைப்பு இருக்கிறது என்று அதுவும் கத்தியது. 'கரண்ட் வருது, அப்போ பம்ப்தான்' என்று பலரும் முடிவு கட்டுவது இங்கேதான்.

அந்த 12.3-ஐ நம்பவே கூடாது. மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய பூஜ்யம். ஒயருக்குள் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பஸ்ஸரும் அப்படித்தான், நான்கைந்து ஓம் தடை இருந்தால்கூடக் கத்தும். பாதி அடைத்த குழாயில் தண்ணீர்க் குறைவு தெரிய வேண்டுமானால் குழாயைத் திறந்துதானே ஆக வேண்டும்?

பழைய 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றைப் பம்புக்குப் பதிலாக அந்தக் கப்ளரில் மாட்டினேன். பம்புக்குக் கரண்ட் வருவதே இரண்டு மூன்று விநாடிதான் என்பதால் தம்பி சாவியைத் திருப்பத் திருப்ப நான் அளந்தேன். பல்பு அழுதுவடிந்தது. பேட்டரியில் 12.4, பல்பில் 7.5 வோல்ட். மிச்சம் எங்கே போனது? பேட்டரி பிளஸ்ஸுக்கும் கப்ளரின் பிளஸ் ஒயருக்கும் நடுவே 0.3. கப்ளரின் எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 4.6! பம்ப் தப்பித்தது.

டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு எர்த் ஒயரைத் தொடர்ந்து போனால், ஹேண்டில்பார் கழுத்துக்குப் பின்னால், டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட். பிரித்ததும் பச்சைப் பொடி உதிர்ந்தது. செம்பு கறுத்திருந்த இடம்வரை வெட்டி, புது ஒயர் சேர்த்து சோல்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். மறுபடி அதே பல்பு: எர்த் பக்கம் 0.1 வோல்ட் கூட இல்லை. செலவு நூறு ரூபாய்க்குள்.

அப்புறம் மழைக்காலமும் வந்து போனது, திணறல் திரும்பவில்லை. இன்னும் அதே பழைய பம்ப்தான் ஓடுகிறது. தண்ணீர் தேங்கும் இடமாகப் பார்த்து ஜாயிண்ட் வைத்தவர்கள் மீதுதான் எரிச்சல். வண்டியோடு தரும் கையேட்டில் ஒயரிங் படமும் இல்லை.

இதைச் செய்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். என் வண்டியில் பம்பின் எர்த் நேராகச் சேஸிஸுக்குப் போகிறது. சில மாடல்களில் இசியூவே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அந்தப் பக்கத்தை இயக்கும். அவற்றில் ஒயரிங் படம் பார்க்காமல் தனி எர்த் இழுத்துவிடாதீர்கள், பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.