வான்கோவின் மலையோடு நான்கு சனிக்கிழமைகள்

மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் நான் போன ஓவிய வகுப்பில் பாடம் ஒன்றே ஒன்றுதான்: வான்கோவின் ‘சான் ரெமி மலைகள்’ ஓவியத்தைப் பார்த்து அப்படியே தீட்டுவது. நான்கு சனிக்கிழமை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். கேன்வாஸ், வண்ணம் எல்லாம் சேர்த்து 3000 ரூபாய்.

முதல் நாள் வண்ணத்தைக் கண்ணில் காட்டவில்லை. பென்சிலும் தாளும் மட்டும். மலையை வரைய வேண்டாம், பிரஷ் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறதோ அந்தப் பக்கம் கோடு போட்டால் போதும் என்றார் மிஸ். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அரை மணி நேரம் கோடு போட்ட பிறகுதான் படமே தெரியத் தொடங்கியது. பாறை சரியும் இடத்தில் கோடும் சரிகிறது, மடியும் இடத்தில் மடிகிறது. அடிவாரத்துக் குடிசைக்குப் பின்னால் மலை அலைபோல எழுகிறது. 1889 ஜூலையில், மனநல விடுதியில் தங்கியிருந்தபோது தீட்டிய படம். கொந்தளிப்பில் அள்ளி வீசியது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எவ்வளவு நிதானமாக மலையைப் பார்த்திருக்கிறார்!

இரண்டாம் வாரம் நீர்த்த நீலத்தில் வெளிக்கோடுகள். மூன்றாம் வாரம் கெட்டி வண்ணம்: ஒரு தீற்றல் வைத்தால் கையை எடுத்துவிட வேண்டும். திரும்பத் தடவினால் சேறாகிவிடும். இந்த வகுப்புக்கு இரண்டு மணி நேரம் போதவே இல்லை.

நகலெடுப்பது திருட்டு இல்லையா என்று ஒருவர் கேட்டார். அதே விடுதியில் வான்கோவும் பிரெஞ்சு ஓவியர் மிலேயின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சில் பார்த்து, தன் வண்ணத்தில் தீட்டியவர்தான் என்றார் மிஸ். கடைசி வாரம் எங்களையும் அப்படித்தான் விட்டார்: எங்கள் பக்கத்துக் கோர் தெ கார்ட் மலையை, கற்ற தீற்றலில். வருடா வருடம் காவடிக்கு அதன் அடிவாரக் கோயிலுக்குப் போகிறேன். பாறை செங்குத்தாக இறங்கி, மரங்கள் தொடங்கும் இடத்தில் வளைந்து விரிவதை இப்போதுதான் கவனித்தேன்.

குறைகளும் உண்டு. கொடுத்த அச்சுப்படம் சிறியது, ஊதா கறுத்துப்போயிருந்தது. மூலப்படம் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் தளத்துப் படத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தரும் நைலான் பிரஷ் கெட்டி வண்ணத்தைத் தாங்காது, விறைப்பான பன்றிமுடி பிரஷ் கொண்டுபோங்கள். அப்புறம் ஒரு ஈரத்துணி, அக்ரிலிக் சட்டென்று காய்ந்துவிடும்.

என் கோர் தெ கார்டுக்கு வானம் இன்னும் பாக்கி. அடுத்த சுற்றுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.