கொட்டகைக்கு மாறும் குஞ்சுகளுக்குத் தாய்க்கோழியா, குண்டு பல்பா, கரிச்சட்டியா?

வீட்டுக்குள் அட்டைப்பெட்டியில் வளர்ந்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளை மூன்றாவது வாரத்தில் தோட்டத்துக் கொட்டகைக்கு மாற்ற நினைப்பவர், தாம் இருப்பது அரூர் போன்ற தாழ்நிலமா, தளி போன்ற குளிர்ந்த மேட்டுப்பகுதியா என்பதை முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரக் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வந்தாலும், மூன்றாவது வாரத்தில் 29 டிகிரி தேவைப்படும். மார்கழியில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப்பகுதியின் விடியற்காலைக் குளிர் 15 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுவதால், அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது என்பதே இங்குள்ள கேள்வி.

தாய்க்கோழி கிடைத்தால் அதற்கு இணை எதுவும் இல்லை. அதன் சூடு மின்சாரத்தை நம்பியிருப்பதில்லை. குஞ்சு தனக்கு வேண்டியபோது இறக்கைக்குள் நுழைந்து, வேண்டாதபோது வெளியே வருகிறது. ஆனால் ஒரு கோழி பன்னிரண்டு, பதினைந்து குஞ்சுகளைத்தான் நன்றாக மூடும். குஞ்சுகளோடு திரியும் மாதங்களில் முட்டையும் இடாது. பொரிப்பகத்தில் வாங்கிய குஞ்சுகளை அடைக்கோழியிடம் சேர்ப்பதாக இருந்தால், பொரித்த ஓரிரு நாட்களுக்குள் இரவில் சத்தமில்லாமல் அடியில் வைத்துவிட வேண்டும். மூன்று வாரம் வளர்ந்த குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டால், பெரும்பாலும் கொத்தித் துரத்திவிடும். எனவே ஐம்பது குஞ்சு வாங்கியவருக்கு இந்த வழி அநேகமாக அடைபட்டுவிட்டது.

அடுத்தது குண்டு பல்பு. குஞ்சுக்கு ஒன்று முதல் இரண்டு வாட் என்ற பழைய கணக்கின்படி ஐம்பது குஞ்சுகளுக்கு நூறு வாட் போதும் என்றாலும், ஒரே நூறு வாட் பல்பைத் தொங்கவிடுவதைவிட இரண்டு அறுபது வாட் பல்புகளைக் கவிழ்த்த மூங்கில் கூடைக்குள் கட்டுவதையே நான் விரும்புவேன். நள்ளிரவில் ஒன்று பீஸ் போனாலும் மற்றொன்று எரிந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவே செலவாகும். (வீடெங்கும் எல்இடி வந்துவிட்ட இந்நாளில், வெளிச்சம் இருப்பதால் சூடும் இருக்கும் என்று நம்பி எல்இடியையே மாட்டிவிடுபவர்கள் உண்டு, அது குஞ்சைக் காக்கும் அளவுக்குச் சூடு தராது.) இருநூறு வாட்டுக்கு மேற்பட்ட அகச்சிவப்பு விளக்கு பெரிய பண்ணைக்கு உரியது, ஐம்பது குஞ்சுகளுக்கு அது மிகை.

பல்பின் ஒரே பெரிய குறை, மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடுவது. குளிர் தாங்காத குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். அப்போது அடியில் உள்ளவை குளிரால் சாவதைவிட மூச்சுத்திணறியே அதிகம் சாகின்றன. எங்கள் கொட்டகையில் ஒரு தை மாத இரவு மூன்று மணிக்குப் போன மின்சாரம் ஐந்தரைக்கு வந்தபோது, பதினொரு குஞ்சுகள் தட்டையாகக் கிடந்தன. மூலைகள் இல்லாதபடி ஒன்றரை அடி உயரத் தகரத்தையோ அட்டையையோ வட்டமாக வளைத்து நிறுத்துவது, எந்தச் சூட்டைத் தேர்ந்தெடுத்தாலும் தவிர்க்கக்கூடாத வேலை என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

கரிச்சட்டி மின்சாரத்தை எதிர்பார்ப்பதில்லை. நன்றாகக் கனன்ற கரியைச் சாம்பலால் மூடி வைத்தால் பல மணி நேரம் சூடு நிற்கும். ஆயினும் அதை முதல் வழியாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தரையில் பரப்பிய உமியும் கடலைத் தோலும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும் என்பதால், சட்டியைச் சுற்றிச் செங்கல் அடுக்க வேண்டும். அதைவிட ஆபத்தானது புகைநெடியே இல்லாமல் வெளிவரும் கார்பன் மோனாக்சைடு. பனிக்கு அஞ்சிச் சாக்குப் படுதாவை நான்கு புறமும் கூரை வரை இறுகக் கட்டினால், அது உள்ளேயே தேங்கிக் கொன்றுவிடும். எந்தச் சூடாக இருந்தாலும் படுதாவின் மேற்புறத்தில் ஓரடி திறந்திருக்கட்டும்.

ஆகவே மேட்டுப்பகுதியில் இரண்டு பல்பும், மின்வெட்டுக்கு மட்டும் ஆயத்தமாக ஒரு கரிச்சட்டியும் என்பது என் தேர்வு. அரூர், பென்னாகரம் தாழ்நிலங்களில் மாசி பிறந்த பிறகு மாற்றுபவருக்கு இரவில் ஒரு பல்பே போதும். ஐந்து வாரம் கடந்து இறகு முழுதாக மூடிய குஞ்சுகளாக இருந்தால், காற்றைத் தடுக்கும் படுதாவே போதுமானது. மாற்றத்தைக் காலையில் செய்தால், தண்ணீரும் தீனியும் பல்பும் எங்கே உள்ளன என்பதை இருட்டுவதற்குள் குஞ்சுகள் பழகிக்கொள்ளும். அன்றிரவு பத்து மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்: பல்பின் கீழ் அடைந்து கத்தினால் பல்பைத் தாழ்த்தவும், தகரத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் உயர்த்தவும் வேண்டும், வட்டம் முழுக்கப் பரவிப் படுத்திருந்தால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடலாம்.