முதிர்ந்த நாய், பூனை வளர்ப்பு: தோட்டத்து வீட்டில் எங்களுக்குப் பயன்பட்டவையும் பயன்படாதவையும்

எங்கள் தென்னந்தோப்பு பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில் இருக்கிறது. சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், ஒரு லாப்ரடார், ஒரு நாட்டுநாய், இரண்டு நாட்டுப் பூனைகள். நான்குக்கும் வயதாகிவிட்டது. லாப்ரடார் போன்ற பெரிய இனத்தை ஏழெட்டு வயதிலேயே முதியதாகக் கணக்கில் கொள்ள வேண்டும். பூனைக்கு அது பத்து, பதினொன்றில் வரும். அதன்பிறகு நாங்கள் வாங்கியவற்றிலும் பழகியவற்றிலும் எது காசுக்குத் தகும், எது தகாது என்று பலரும் கேட்பதால் எழுதுகிறேன். டப்பாவில் விற்கும் எதையும்விட எடைத்தராசும் நாற்பது பக்க நோட்டும்தான் எங்களுக்கு அதிகம் உதவின.

முதலில் தரையைச் சொல்ல வேண்டும். ஆசாரம், அதாவது கூடம், முழுவதும் வழவழப்பான டைல்ஸ். இடுப்பு மூட்டு தேய்ந்த லாப்ரடார் எழுந்திருக்கும்போதெல்லாம் பின்னங்கால்கள் விலகி வழுக்கின. தென்னைநார் விரிப்புக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. அடியில் ரப்பர் ஒட்டியதை மட்டும் வாங்குங்கள். வெறும் நார் விரிப்பு டைல்ஸின்மேல் நாயோடு சேர்ந்து நகரும். படுக்கும் இடம், தண்ணீர்த் தொட்டி, வாசல் மூன்றையும் இணைத்து ஒரு பாதையாகப் போட்டோம். மாத்திரை எதுவும் தொடங்குவதற்கு முன்பே நடையில் தெளிவு வந்தது. மழைக்காலத்தில் நார் ஈரம் கோக்கும், ஆகவே வெயில் அடிக்கும் நாளில் எடுத்துக் காயவைக்க வேண்டும். நகத்தையும் பாதத்து விரலிடை முடியையும் வெட்டிவிட்டால் பிடிமானம் இன்னும் கூடும்.

மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் தூளைப் பல மாதங்கள் கொடுத்தோம். எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. நாய்களில் அதற்கான ஆய்வுச் சான்றும் வலுவாக இல்லை. மாற்றத்தைக் கொடுத்தவை இரண்டு: எடைக் குறைப்பும், டாக்டர் அளவு சொல்லி எழுதிய மெலாக்சிகாம் என்ற வலிமருந்தும். சிறுநீரகம், கல்லீரல் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தபிறகே அந்த மருந்தைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரைப் பக்கம் போகவே கூடாது. ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு.

எடைக் குறைப்பு எங்கள் வீட்டில் அப்பத்தாவின் கையில் இருந்தது. “வாயில்லாச் சீவன் பார்த்துக்கொண்டே நிற்கிறது கண்ணு” என்று பிஸ்கட்டை நீட்டிவிடுவார். அந்தப் பாசத்தைத் தடுக்க எனக்கு மனமில்லை. எனவே நாயின் அன்றைய தீனியிலிருந்தே ஒரு பங்கை எடுத்துச் சின்னப் போசியில் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டோம். கொடுப்பது அவர், மொத்த அளவு கூடவில்லை. கொப்பரை நிறுக்கும் தராசில் மாதந்தோறும் நாயை நிறுத்தினோம், எடை படிப்படியாக இறங்கியது.

பூனைக்கு இதே தராசு நேர்மாறான சேதி சொன்னது. நான்கு கிலோ பூனை நானூறு கிராம் இளைத்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள், ஆனால் முடிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாது. மூத்த பூனையின் எடை இரண்டு மாதம் தொடர்ந்து சரிந்ததும் அழைத்துப்போனோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் கூடியிருந்தது, சிறுநீர் நீர்த்திருந்தது: சிறுநீரகத் தேய்வு. முதிய பூனைகளில் மிகச் சாதாரணமாக வரும் நோய். அதிகம் குடிப்பதும் அதிகம் சிறுநீர் கழிப்பதுமே முதல் அறிகுறி. தோட்டத்து மண்ணில் போய்வரும் பூனையிடம் இதை எப்படிப் பார்ப்பது? விளிம்பு தாழ்ந்த அகலமான தட்டில் மணல் போட்டு வீட்டுக்குள் வைத்தோம். வலிக்கும் கால்களோடு ஏறி இறங்க அதற்கும் எளிது, ஈரத்தின் அளவு நமக்கும் தெரியும்.

பாஸ்பரஸ் குறைத்த சிறுநீரக உணவு விலை அதிகம்தான், ஆனாலும் நான் வாங்கியவற்றில் பணத்துக்குத் தகுந்தது அதுவே. வெதுவெதுப்பாக்கி வைத்தால் வாசனை எழும்பி, முகம் திருப்பும் பூனையும் சாப்பிடும். அடம் பிடிக்கிறதென்று பட்டினி போட்டுப் பழக்க நினைக்காதீர்கள்; சில நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். பின்னாளில் தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர்க் கரைசலை ஏற்ற டாக்டர் கற்றுக்கொடுத்தார். தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அவர் சொன்ன அளவு மட்டும். தொடக்கத்தில் என் கை நடுங்கியது. இப்போது ஏற்றும்போது பூனை அப்பத்தாவின் மடியிலேயே உறங்கிவிடுகிறது.

தயிர்ச்சோற்றில் வளரும் பூனைகள் ஊரில் நிறைய. பூனை புலால் தின்னியாகவே பிறந்தது. அதற்குத் தேவையான டாரின் என்ற சத்து தயிர்ச்சோற்றில் போதாது. சைவ வீடு என்றால் கடையில் விற்கும் முழுமையான பூனை உணவையாவது வையுங்கள்.

உண்ணி இங்கே தீராத தொல்லை. முதிய நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரிந்து மூக்கில் ரத்தம் வரும்வரை போகும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி என்று உறுதியானால் டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து 28 நாள். இரண்டாம் வாரமே நாய் துள்ளினாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. உண்ணியைக் கொல்லும் பிரவெக்டோ மாத்திரை பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று என்பது எங்களுக்குச் சிக்கலின்றி ஒத்துப்போனது. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும். இந்த மருந்து வகைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் வலிப்பு எச்சரிக்கை விடுத்திருக்கிறது. நாயை மட்டும் கவனித்தால் போதாது. உண்ணி சுவர் ஏறி இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கட்டுத்தரைச் சுவரின் வெடிப்புகளைப் பூசி அடைத்த பிறகுதான் எங்களுக்கு விடிவு வந்தது. நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. நாயும் பூனையும் ஒட்டிப் படுக்கும் வீட்டில் அதை வாங்கவே வேண்டாம்.

தோட்டத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் செய்ய வேண்டியது கிணற்றுக்கு வேலி. பார்வை மங்கிய நாய்க்குக் கைப்பிடிச் சுவரில்லாத கிணறு எமன். எங்கள் கிணற்றைச் சுற்றிக் கம்பிவலை அடித்துவிட்டோம். அதேபோல, காது கேளாத கிழட்டு நாய் வண்டி நிழலில் படுத்தால் இஞ்சின் சத்தத்துக்கு எழாது. டிராக்டரோ காரோ, குனிந்து பார்த்துவிட்டே எடுக்கிறோம். வீட்டுக்குள் கட்டிலையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் இடம் மாற்றுவதில்லை. எலி மருந்து வைப்பதை அறவே நிறுத்தினோம். சித்திரை வெயிலில் நடை விடியலுக்கு முன்னால் மட்டுமே.

கருத்தடை செய்யாத பெண் நாய் வைத்திருப்பவர்கள், பருவம் முடிந்த சில வாரங்களில் அது அதிகமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, சீழ் வடிந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அது கர்ப்பப்பைச் சீழ். பெரும்பாலும் உடனடி அறுவை தேவைப்படும்.

செலவே இல்லாத ஒரு முறை மூச்சு எண்ணுவது. நாட்டுநாயின் இதயத்தில் இரைச்சல் கேட்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து செய்கிறோம். ஆழ்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒன்றாக வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். முப்பதுக்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதைத் தாண்டினால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். ஒருமுறை எங்கள் நோட்டில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து அன்றே கிளம்பினோம். இருமல் வருவதற்கு முன்பே மருந்தின் அளவை மாற்ற முடிந்தது.

எங்கள் பக்கத்து அரசு மருத்துவர்கள் பெரும்பாலும் ஆடு மாடுகளோடு பழகியவர்கள். வெறிநோய்த் தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் அவர்களே போதும். ஸ்கேன் போன்றவற்றுக்கு 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உடுமலையிலும் ஒரு கல்லூரி வந்துவிட்டது. எங்கே போனாலும் நோட்டையும், நாய் வீட்டில் நடப்பதைக் கைப்பேசியில் எடுத்த காணொளியையும் கொண்டுபோங்கள். மேசைமேல் ஏற்றியதும் பயத்தில் நொண்டலை மறைக்கும் நாய்கள் உண்டு.