ஏர் சஸ்பென்ஷன் சர்வீஸ் என்ற பெயரில் ₹18,500 போயிற்று: பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு முட்டை ஏற்றிச் செல்லும் என் பிக்கப் வண்டியின் ஏர் சஸ்பென்ஷனைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி 18,500 ரூபாய் வாங்கிக்கொண்ட புறவழிச்சாலைப் பட்டறை ஒன்று, கழற்றிய பழைய பெல்லோக்களையே (காற்று நிரப்பும் ரப்பர் பைகள்) திரும்ப மாட்டி அனுப்பியிருக்கிறது. நேற்றுதான் இது தெரியவந்தது. லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊரிலேயே இந்த அநியாயம்.

பின் அச்சில் பட்டை ஸ்பிரிங்குகளுக்குத் துணையாகப் பக்கத்துக்கு ஒரு ரப்பர் பெல்லோ பொருத்தியிருக்கிறேன். இடப்பக்கத்தில் மட்டும் இரவோடு இரவாகக் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் சோப்புத் தண்ணீர் அடித்து, பெல்லோவின் தலையில் குழாய் சேரும் இடத்தில் குமிழிகள் கிளம்புவதை என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார். "கழுத்து போயிருச்சுங்கண்ணா, ஒண்ணு மட்டும் மாத்துனா வண்டி சாயும், ஜோடியா போட்டுரலாமுங்க" என்றார். குமிழியைக் கண்ணால் பார்த்த பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்? ஓராண்டு உத்தரவாதம் என்று வாயால் சொல்லி, எஸ்டிமேட் தாளில் 18,500 என்று எழுதிக் கொடுத்தார்.

சில நாட்களிலேயே அதே பக்கம் மறுபடியும் இறங்கியது. போய்க் கேட்டபோது, லோடு அதிகம் ஏற்றியிருப்பீர்கள் என்றார்கள். அடுத்த முறை ஓனர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். அதற்கடுத்து, பெல்லோவைக் கம்பெனிக்கு அனுப்பித்தான் உத்தரவாதம் கேட்க முடியும், அதுவரை வண்டியை ஓட்டாமல் வைத்திருங்கள் என்றார்கள். முட்டை வண்டியை ஓட்டாமல் வைத்தால் பண்ணைக்காரருக்கு யார் பதில் சொல்வது? பிறகு என் அழைப்பை எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

வேறொரு மெக்கானிக் காற்றை முழுவதும் இறக்கிவிட்டுக் குழாயை உருவிக் காட்டினார். கட்டிங் பிளேயரால் வெட்டப்பட்டதால் அதன் முனை சாய்வாக இருந்தது. அதனால் பெல்லோவோடு குழாயை இணைக்கும் ஃபிட்டிங்குக்குள் சரியாக உட்காராமல் காற்று கசிந்திருக்கிறது. நேராக வெட்டிச் செருகியதோடு கசிவு நின்றது. புதியது என்று மாட்டிய பெல்லோவின் கறுப்புப் பாலிஷைத் துணியால் துடைத்தபோது, சென்ற ஆண்டு கல் தெறித்து விழுந்த பிறை வடிவத் தழும்பு அப்படியே இருந்தது. அதற்குத்தான் 18,500 ரூபாய்!

பராமரிப்பைப் பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் மனம் ஓடவில்லை; அவசரத்துக்குச் சில மட்டும். பெல்லோ போய்விட்டது என்று சொன்னால் முதலில் ஃபிட்டிங்கையும் குழாய் முனையையும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பெல்லோவைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில்லில் உத்தரவாதத்தை எழுதி வாங்குங்கள். பெல்லோ சிறியது, நொடியில் நிரம்பிவிடும். ஆகவே டயருக்கு அடிப்பதுபோல அடிக்காமல், விட்டுவிட்டு அடித்து, காற்றழுத்தத்தைக் கேஜில் பாருங்கள். லோடோடு பின்பக்கத்தை அளவுக்கு மேல் தூக்கி வைத்தால், சுமையை உணரும் பிரேக் வால்வு உள்ள வண்டிகளில், வண்டி காலி என்று எடுத்துக்கொண்டு அந்த வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

எஸ்டிமேட் தாளை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பட்டறையிலிருந்து இதுவரை ஒரு பைசா திரும்பவில்லை.