ஆற்றோரச் சிற்றூரில் வாடகை வீடு: எதை எடுக்கலாம், எதை விடலாம்

ரயிலில் வேலைக்குப் போய்வரும் தூரத்திலுள்ள ஆற்றோரச் சிற்றூர்களில் வாடகைக்கு வரும் வீடுகள் பெரும்பாலும் மூன்று ரகம்: ஆற்றைப் பார்த்த வரிசை, அதற்குப் பின்தெருவில் தரைத்தளம், ரயில் நிலையத்தையொட்டிய மாடி. முதல் ரகத்துக்கு வாடகையும் கூடுதல், பயமும் கூடுதல். இரண்டுமே பாதிதான் நியாயம்.

வெள்ளம் என்று வந்தால், வீடு ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைவிட எவ்வளவு மேட்டில் இருக்கிறது என்பதே முக்கியம். சமவெளி ஆறு கரைபுரளும் ஒவ்வொரு முறையும் கனமான மணலைக் கரையோரத்திலேயே போட்டுவிடும். அதனால் கரை சற்று மேடேறி, பின்னால் உள்ள நிலம் தாழ்ந்து கிடக்கும். கரை தாண்டிய நீர் அந்தப் பள்ளத்தில்தான் தேங்கும்; வடியவும் நாளாகும். கரையை உயர்த்திக் கட்டிய ஊர்களில், உள்ளே பெய்த மழை ஆற்றுக்குள் போக வழியில்லாமல் பம்பை நம்பி நிற்கும். ஆகவே ‘ஆறு இங்கிருந்து தூரம்’ என்று காட்டப்படும் பின்தெருத் தரைத்தளம் மூன்றிலும் மோசமானதாக இருக்கலாம். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரை மட்டும் வேறு கதை. நீரோட்டம் மண்ணை அரிப்பது அந்தப் பக்கத்தைத்தான். அங்கே வீடு சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

‘நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்றால், ஆண்டுதோறும் 1 சதவீத வாய்ப்பு என்று பொருள். மூன்றாண்டு குடியிருப்பவருக்கு அது சுமார் 3 சதவீதம்; 30 ஆண்டு இருக்கப்போகிறவருக்கு 26. வீடு வாங்குபவரின் கவலை வேறு, வாடகைக்காரரின் கவலை வேறு. வாடகைக்காரரை அன்றாடம் வாட்டுவது ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம்.

தரையிலிருந்து ஏறும் ஓதம் வழக்கமாக ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். நின்ற இடத்தில் வெள்ளையாக உப்புக்கோடு தெரியும். அலமாரிக்குப் பின்னாலும் கூரை மூலையிலும் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்திருந்தால், அது பெரும்பாலும் உள்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதால் வருவது. முன்னதற்குச் சுவரைத்தான் சரிசெய்ய வேண்டும். பின்னது காற்றோட்டம் கொடுத்தால் பெருமளவு அடங்கும். எது என்று குழப்பமாக இருந்தால், ஒரு சாண் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவரையொட்டிய பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் கோத்தால் காற்றிலிருந்து. சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால், அதுவே பதில். பிளக் பாயின்ட்டுகள் எல்லாமே இடுப்புயரத்தில் இருந்தால், முன்பு தண்ணீர் வந்ததா, எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். வெள்ளத்துக்குப் பயந்து அவற்றை அப்படி ஏற்றி வைத்திருக்கலாம்.

பலர் பார்க்க மறப்பது கழிவுநீர்க் குழாய். ஆற்று மட்டம் ஏறும்போது வாசலுக்கு முன்பே கழிவறை வழியாகத் தண்ணீர் எதிர்த்து வரக்கூடும். தரைத்தளமானால் குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறதா, கடைசியாக எப்போது திறந்து சுத்தம் செய்தார்கள் என்று விசாரியுங்கள். குப்பை சிக்கி மூடி முழுதாகச் சாத்தாத வால்வு இருந்தும் பயனில்லை.

போக்குவரத்தில் எல்லாரும் பயண நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். அரைமணிக்கு ஒரு ரயில் என்றால் ஒன்றைத் தவறவிட்டாலே அரைமணி போச்சு. பத்து நிமிடம் கூடுதலாக ஓடினாலும் அடிக்கடி வரும் தடமே மேல். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, விடுமுறை நாளில் எத்தனை ஓடும் என்பதையும் பாருங்கள். ‘நடந்தால் பத்து நிமிடம்’ என்பது சாதாரண நடைக்குச் சுமார் 800 மீட்டர். அந்த வழி பள்ளத்தெருவிலோ ஒரே பாலத்திலோ போகிறதென்றால், வீடு நனையாத நாளிலும் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். வீட்டை ஒருமுறையாவது வேலைநாள் மாலையில், மழை பெய்த மறுநாள் பாருங்கள்.

நம் தேர்வு நிலையத்தையொட்டிய மாடி. தண்டவாளச் சத்தம் பொறுக்குமானால். அது கிடைக்காவிட்டால் கரையோர வரிசையில் மாடி. பின்தெருத் தரைத்தளத்தை, வாடகை கணிசமாகக் குறைந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம்: ஓதத்தைச் சரிசெய்வது யார் பொறுப்பு, வீடு குடியிருக்க முடியாமல் போகும் நாட்களுக்கு வாடகை உண்டா. வீட்டுக்காரரின் கட்டடக் காப்பீடு பொதுவாக உங்கள் சாமான்களுக்குப் பொருந்தாது. அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். சாவி வாங்கும் அன்றே சுவரின் அடிப்பகுதிகளைத் தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிட்டால், காலி செய்யும்போது பழைய ஓதக்கறையைக் காட்டி முன்பணத்தில் கைவைப்பது கடினம்.